வெள்ளிக்கிழமை அழுக்கு

கழுவிக் கவிழ்த்துவைத்த பாத்திரங்கள் தாமாகவே மறுபடியும் அழுக்கான முதல் நாள் ஒரு வெள்ளிக்கிழமை, நேரம் விளக்கு வைக்கும் நேரம், இடம் செங்கமடை நூற்பாலைக் காலனியில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்து வீட்டின் அடுப்படி. அதைக் கண்ணால் கண்டவள் அந்த வீட்டுக்காரி வேலுத்தாய். அவள் கத்தவில்லை, சாமி படத்தைப் பார்த்துக் கும்பிடவில்லை, கண்ணைக் கசக்கிக்கொள்ளவும் இல்லை. காலையில் வைத்த சாம்பாரின் பருப்பு சட்டியின் உள்பக்கத்தில் வட்டமாகத் திரும்பி வந்து ஒட்டுவதையும், சோற்றுப் பானையின் அடியில் பருக்கைகள் ஒவ்வொன்றாக முளைப்பதையும், டம்ளர்களின் விளிம்பில் காப்பிக் கறை ஏறுவதையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு எல்லாவற்றையும் தொட்டியில் போட்டு மறுபடியும் தொடங்கினாள். அழுக்குப் பாத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. பாத்திரம் கிடந்தால் அவள் கழுவவேண்டும், அவ்வளவுதான்.

அதே நேரத்தில் அவள் கணவர் ஆதிமூலம் காலனி மன்றத்தின் மேடையில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தார். மில் ஓடிய காலத்தில் அவர் நூற்புப் பகுதியில் மேற்பார்வையாளர், அதாவது மற்றவர்கள் வேலை செய்கிறார்களா என்று பார்ப்பதே அவருடைய வேலை. மில் மூடிய பிறகு பார்ப்பதற்கு ஒன்றும் இல்லாமல் போனதால் அவர் கூடத்தில் சாய்வு நாற்காலியைப் போட்டுக்கொண்டு வீட்டைப் பார்க்கத் தொடங்கினார். முந்தைய மழைக்காலத்தில் வேலுத்தாய் காய்ச்சலில் விழுந்தபோது தொட்டியில் பாத்திரங்கள் குவிந்து, அவற்றின் மேல் ஈக்கள் உட்கார்ந்து, வீடே புளித்த வாடை அடித்தது. ஆதிமூலம் அந்தக் குவியலின் முன்னால் போய் நெடுநேரம் நின்றார். நின்றாரே ஒழிய விரல் நுனியைக்கூட நனைக்கவில்லை. நின்றவருக்கு ஒரு வாசகம் உதித்தது: "கழுவாத பாத்திரம்தான் மனிதனுடைய மனம். நேற்றைய எச்சிலை வைத்துக்கொண்டே இன்றைய சோற்றுக்கு ஏங்குகிறது." உதித்த சூட்டோடு மன்றத்துக்குப் போய் அதைச் சொன்னார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினார்கள். காய்ச்சல் முற்றிலும் விடாத உடம்போடு வேலுத்தாய் எழுந்து வந்து, மனிதனுடைய மனத்தைச் சாம்பல் போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள்.

அன்றிலிருந்து ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவர் பேசினார். வீட்டில் எந்த வேலை விடுபட்டுக் கிடக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, அதிலிருந்து ஒரு பாடத்தை எடுத்துக்கொண்டு போனார். மூலையில் ஒட்டடை தெரிந்தால் அது ஆசை. கட்டிலுக்கு அடியில் கூட்டாத தூசி இருந்தால் அது மறைத்த பாவம். "ஏ வேலு, அந்த ஒட்டடையைத் தொடாதே, நான் இன்னும் யோசிச்சு முடிக்கலை" என்று சொல்லி, சிலந்தியை ஒரு வாரம் முழுக்கக் குடியிருக்க விட்டார். மன்றத்துச் செயலாளர் துரைப்பாண்டி தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு குழாய் ஒலிபெருக்கியைக் கட்டினார். அது வேலுத்தாயின் அடுப்படி ஜன்னலைப் பார்த்தபடி இருந்தது. அதில் அவர் பேசிய முதல் வெள்ளிக்கிழமைதான் பாத்திரங்கள் தாமாக அழுக்காயின.

வேலுத்தாயின் நினைப்பெல்லாம் வேறொரு இடத்தில் இருந்தது. அவளுடைய ஒரே மகள் கோமதி புளியங்கோட்டையில் வாழ்க்கைப்பட்டு, இப்போது ஏழாம் மாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பதால் வளைகாப்பு முடிந்ததும் அவளை அழைத்து வரவேண்டும். புகுந்த வீடு பெரிய குடும்பம். வயிற்றைத் தூக்கிக்கொண்டு கோமதி தெருக்குழாயிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் சுமந்தாள். "அம்மா, கால் செருப்புக்குள்ள போகமாட்டேங்குது" என்று போனில் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். "எப்ப வந்து கூட்டிட்டுப் போவே?" வேலுத்தாய் பின்னறைக்குச் சுண்ணாம்பு அடித்தாள். பிறக்கப்போகும் பிள்ளைக்காகப் பழைய வேட்டிகளைக் கிழித்து, வெந்நீரில் போட்டு, துவைத்து, வெயிலில் காயவைத்து, மடித்து அடுக்கினாள். மகள் வந்து படுக்க ஒரு சுத்தமான அறை, பேரப்பிள்ளைக்குச் சுத்தமான துணி. அவளுக்கு வேறு வேண்டுதல் இல்லை.

இரண்டாவது வெள்ளிக்கிழமையும் பாத்திரங்கள் அழுக்காயின. அடுத்ததில் பாத்திரங்களோடு தரையும் சேர்ந்துகொண்டது. பெருக்கி முடித்த கூடத்தில் மண்ணும் முடியும் நூல் பஞ்சும் திரும்பி வந்து, துடைப்பம் படாத நாள்போல மூலை மூலையாக ஒதுங்கின. அதற்கடுத்ததில் அடித்து எடுத்த ஒட்டடைகள் சிலந்தியோடு மீண்டும் தொங்கின. வேலுத்தாய் ஒவ்வொரு தடவையும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மறுபடியும் தொடங்கினாள். பக்கத்து வீட்டு மாரித்தங்கம் சுவருக்கு மேலே தலையை நீட்டிப் பார்த்தாள்.

"என்னக்கா, இப்பத்தான கழுவுனீங்க?"

"ஆமா. இப்பத்தான அவுக பேசுனாக."

மாரித்தங்கம் எதையும் சோதித்துப் பார்க்காமல் நம்புகிறவள் அல்ல. தன் வீட்டில் ஒரு சட்டியைப் பளபளவென்று தேய்த்து வைத்து, அதைப் பார்த்து, "கழுவாத பாத்திரம்தான் மனிதனுடைய மனம்" என்று மூன்று விதமான குரலில் சொல்லிப் பார்த்தாள். சட்டி சட்டியாகவே இருந்தது. பிறகு தின்பண்டம் தருவதாக ஆசைகாட்டித் தன் புருஷனைக் கூப்பிட்டு அதையே சொல்லச் சொன்னாள். அவன் சொல்லி வாயை மூடுவதற்குள் சட்டியின் அடியில் முந்தாநாள் புளிக்குழம்பு வந்து காய்ந்து நின்றது. மாரித்தங்கம் சட்டியைத் தூக்கிக்கொண்டு வேலுத்தாயிடம் ஓடினாள்.

"அக்கா, கழுவுறவ சொன்னா ஒண்ணும் ஆகலை. கையால தொடாதவன் பாடம் சொன்னாத்தான் செஞ்ச வேலை செய்யாததா ஆகுது. இந்தப் பாவி மனுசன் கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கரண்டி கழுவுனதில்ல!"

"தின்பண்டம் குடுத்தியா?"

"குடுத்தேன். தின்னுட்டுத் தட்டையும் போட்டுட்டுப் போயிட்டாரு."

ஒரு அதிசயம் நடந்தால் அதை என்ன செய்வது என்று ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வழக்கம் இருக்கிறது. செங்கமடைக் காலனியின் வழக்கம் கமிட்டி அமைப்பது. ஆண்கள் மன்றத்தில் கூடினார்கள். முதலில் இது பெண்களின் சோம்பேறித்தனம் என்றார்கள். பிறகு துரைப்பாண்டி நேரில் போய் வேலுத்தாயின் அடுப்படியில் நின்று, ஒலிபெருக்கியில் வாசகம் வந்ததும் பால்சட்டியில் ஏடு படிவதைக் கண்ணால் பார்த்துவிட்டு வந்து, கைகளைக் கூப்பிக்கொண்டு, "அண்ணாச்சி சொல்லுக்கு அவ்வளவு சக்தி!" என்றார். யாரும் மறுக்கவில்லை. பேசுவதை நிறுத்தலாமே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அப்படி ஒரு வழி இருப்பதாகவே அந்த அறையில் யாருக்கும் தோன்றவில்லை. அழுக்கை வரவழைக்கிற சொல் அருள்வாக்கு என்றும், அந்த அழுக்கு நம் உள்ளழுக்கை நமக்குக் காட்டித்தருகிறது என்றும், கடவுள் எத்தனையோ ஊர் இருக்க நம் காலனியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார் என்றும் தீர்மானமாயிற்று. டீக்கடையில், முடிதிருத்தும் கடையில், பஸ் நிறுத்தத்தில் ஆண்கள் ஆதிமூலத்தின் வாசகங்களைத் திருப்பித் திருப்பிச் சொன்னார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல அவரவர் வீட்டில் துவைத்த சட்டைகளின் கழுத்தில் கறை ஏறியது, தேய்த்த குளியலறையில் பாசி படர்ந்தது, ஆட்டி வைத்த மாவு மறுபடியும் ஊறவைத்த அரிசியும் உளுந்துமாகப் பிரிந்து கிடந்தது. காலனிப் பெண்கள் காலையில் செய்ததை மதியமும், மதியம் செய்ததைச் சாயங்காலமும் செய்தார்கள். அவர்களுடைய கைகள் ஊறி வெளுத்தன.

பிறகு வெளியூர் ஆட்கள் வரத் தொடங்கினார்கள். வேன் பிடித்து வந்தார்கள். மன்றத்து ஆட்கள் வேலுத்தாயின் அடுப்படியில் சவுக்குக் கம்பு நட்டுக் கயிறு கட்டி, ஆண்களுக்கு ஒரு வரிசையும் பெண்களுக்கு ஒரு வரிசையும் விட்டார்கள். வந்தவர்கள் தொட்டியில் திரும்பி வரும் சோற்றுப் பருக்கைகளைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, கூடத்து மூலையில் ஒதுங்கிய தூசியைத் தாளில் மடித்து எடுத்துப்போனார்கள். போகும்போது வாழைப்பழத் தோலையும் காகித டம்ளர்களையும் விட்டுப்போனார்கள். துரைப்பாண்டி வேலுத்தாயிடம் மிகவும் மரியாதையாகப் பேசினார்.

"மதினி, ஒரு சின்ன உதவி. ஆறு மணிக்குள்ள எல்லாத்தையும் பளிச்சுனு கழுவி வச்சிருங்க. ஆறரைக்கு அண்ணாச்சி பேசுவாரு."

"அழுக்காக்கத்தான நான் கழுவணும்?"

"அப்படிச் சொல்லாதீங்க. சுத்தமா இருந்தாத்தான மதினி அழுக்காகுறது தெரியும்? போன வாரம் ரெண்டு தட்டு கழுவாமக் கெடந்துச்சு. தேனியிலேர்ந்து வந்தவங்க, எது பழைய அழுக்கு எது தெய்வீக அழுக்குனு தெரியாமக் குழம்பிப்போயிட்டாங்க."

வேலுத்தாய் கையிலிருந்த கரண்டியை அவர் தலையில் போடாமல் தொட்டியில் போட்டாள். அந்தக் கரண்டி விழுந்த சத்தத்தைத் துரைப்பாண்டி மணியோசை என்று எடுத்துக்கொண்டார்.

வளைகாப்புக்கு நாள் குறிக்கும் முன்னால் வீட்டை ஒரு நடை பார்த்துவிட்டுப் போகலாம் என்று சம்பந்தி செண்பகவடிவு புளியங்கோட்டையிலிருந்து வந்தாள். வருகிறேன் என்று சொல்லாமல் வந்தாள்; அவள் வந்தது வெள்ளிக்கிழமை. வாசலில் செருப்புக் குவியலைத் தாண்டி, கயிற்றுக்கு அடியில் குனிந்து, "வரிசையில வாங்கம்மா" என்று அதட்டிய தொண்டரை முறைத்துவிட்டுப் பின்னறைக்கு வந்து சேர்ந்தாள். வேலுத்தாய் அவளுக்கு அறையைக் காட்டினாள். அந்த ஒரு அறைக்குள் மட்டும் அவள் யாரையும் விட்டதில்லை. சுண்ணாம்பு வாசம் அடித்தது, தரையில் கால் வைத்தால் குளிர்ந்தது, அலமாரியில் பிள்ளைத் துணிகள் வெள்ளை வெளேரென்று அடுக்கியிருந்தன. செண்பகவடிவு ஒரு துணியை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தாள். "பூ மாதிரி இருக்கு சம்பந்தி" என்றாள்.

அப்போது ஜன்னலுக்கு வெளியே ஒலிபெருக்கி தொண்டையைச் செருமியது. பாத்திரமும் தரையும் ஒட்டடையும் பழகிப்போய்விட்டதால் அன்றைக்கு ஆதிமூலம் கூட்டத்துக்குப் புதிதாக ஒன்றைக் கொண்டுவந்திருந்தார். "துவைக்காத துணியைப் பாருங்கள்," என்று அவர் குரல் காலனி முழுக்க முழங்கியது. "பிறவி என்பது என்ன? துவைக்காத துணியை மறுபடி மறுபடி உடுத்துவதுதான்."

செண்பகவடிவின் கையிலிருந்த துணி அவள் கன்னத்திலேயே கனத்தது. பழைய வேட்டியின் வியர்வையும், வேட்டிக்காரர் பல்வேறு வருடங்களில் சிந்திய வெற்றிலைச் சாறும், மடிப்பில் தங்கிய பூஞ்சணமும் ஒரே நேரத்தில் அதில் ஏறின. அலமாரியில் இருந்த மற்றத் துணிகளும் ஒவ்வொன்றாகப் பழுத்து மங்கின. செண்பகவடிவு துணியைக் கீழே போட்டாள். வாசலில் கூட்டம் கோஷம் போட்டது.

"கோயிலாவே இருக்கட்டும் சம்பந்தி," என்று அவள் முந்தானையால் கன்னத்தைத் துடைத்தபடி சொன்னாள். "கோயில்ல போய் யாராவது பிள்ளை பெறுவாங்களா? கோமதி எங்க வீட்லயே இருக்கட்டும். குனிஞ்சு நிமிந்து வேலை செஞ்சா பிரசவமும் சுகமா ஆகும்."

"கால் வீங்கிப்போய்க் கெடக்கா சம்பந்தி. டாக்டர் படுத்திருக்கச் சொன்னாங்களாமே."

"படுக்கணும்னா சுத்தமான வீட்ல படுக்கணும். நீங்க முதல்ல வீட்டைக் காட்டுங்க, நான் பிள்ளையை அனுப்புறேன்."

அவள் போய்விட்டாள். ஆதிமூலம் மாலையும் கழுத்துமாக வீட்டுக்கு வந்தபோது வேலுத்தாய் பின்னறை வாசலில் நின்றாள். கல்யாணமாகி வந்த நாள் முதல் அவள் அவரிடம் ஒரு காரியத்தை நிறுத்தச் சொல்லிக் கேட்டதில்லை. இப்போது கேட்டாள்.

"பிள்ளை பெத்து எந்திரிக்கிற வரைக்கும் பேசாதீங்க. அதுக்கப்புறம் ஊர் ஊராப் போய்ப் பேசுங்க."

"அது என் கையிலயா இருக்கு?" என்றார் அவர், மிகவும் பொறுமையாக. "சொல் வருது வேலு. நான் வெறும் குழாய்."

"ஒரு டம்ளரைக் கழுவிட்டுச் சொல்லுங்க, அது போதும். கழுவினவுக சொன்னா ஒண்ணும் ஆகாது. மாரித்தங்கம் சோதிச்சுப் பாத்துட்டா."

"கழுவுறவனுக்குப் பாத்திரம்தான் தெரியும். தள்ளி நின்னு பாக்கிறவனுக்குத்தான் பொருள் தெரியும்." அவர் மாலையைக் கழற்றி அவளிடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. அவள் முகத்தை அவர் சிறிது நேரம் உற்றுப் பார்த்தார். பார்க்கப் பார்க்க அவர் கண்கள் பளிச்சிட்டன. "உன் கோபம்கூட ஒரு பாடம்தான். கவனிக்காம விட்ட பால் பொங்கி அடுப்பை அணைச்சிருது பாரு, அந்த மாதிரி. நல்லாருக்கே! அடுத்த வாரம் இதைச் சொல்றேன்." உள்ளே, துடைத்து வைத்திருந்த அடுப்பின் மேல் பால் வழிந்து தீய்ந்த வாடை எழுந்தது.

வேலுத்தாய் அடுப்பைத் துடைக்கவில்லை. அதுதான் முதல் தடவை. அவள் பின்வாசல் படியில் உட்கார்ந்து, நிதானமாக, ஒரு பருப்பைப் பொறுக்குவதுபோல, தன் ஆயுளில் தான் செய்யாத வேலை எது என்று தேடினாள். கையால் தொடாத வேலைக்குப் பாடம் சொன்னால் அந்த வேலை செய்யாததாக ஆகிவிடும் என்றால், அவளும் ஒரு பாடம் சொல்லிப் பார்க்கலாமே. ஆனால் எதைப் பற்றிச் சொல்வது? பெருக்கியிருக்கிறாள், மெழுகியிருக்கிறாள், மாமனாருக்கு மலம் அள்ளியிருக்கிறாள், மில்லில் ஆள் குறைந்த வருடம் அறுந்த நூல் இழைகளை முடிச்சுப் போட்டிருக்கிறாள், விறகு பிளந்திருக்கிறாள், கூரை ஏறி ஓடு மாற்றியிருக்கிறாள், சாக்கடை அடைப்பில் கைவிட்டிருக்கிறாள். அவள் தேடத் தேட, செய்யாத வேலை ஒன்றும் கிடைக்காமல், கோபம் ஏறிக்கொண்டே வந்தது. கடைசியில் அகப்பட்டது. நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, மற்றவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு கேட்க, தான் மட்டும் பேசுவது. அந்த ஒரு வேலையை அவள் பிறந்ததிலிருந்து செய்ததே இல்லை.

அடுத்த வெள்ளிக்கிழமை மன்றத்தின் ஆண்டு விழா. மாவிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள், சுவரெல்லாம் ஆதிமூலத்தின் வாசகங்களைப் பெயிண்டால் எழுதியிருந்தார்கள். பெண்கள் எல்லாரும் ஆறு மணிக்குள் வீட்டைச் சுத்தமாக்கி வைத்துவிட்டுப் பின்வரிசைக்கு வந்து சேரவேண்டும் என்று அறிவித்திருந்தார்கள். வேலுத்தாய் எதையும் கழுவாமல், ஒரு மஞ்சள் பையில் மாற்றுச்சேலை வைத்துக்கொண்டு வந்து, பின்வரிசையில் நிற்காமல் நேராக மேடைக்கு ஏறினாள். துரைப்பாண்டி குறுக்கே வந்தார்.

"மதினி, பொன்னாடை போத்தறது கடைசியிலதான்."

"நான் போத்த வரலை. பேச வந்தேன்."

"நீங்களா? என்னத்தைப் பத்தி?"

"பேச்சைப் பத்தி."

கூட்டத்தில் சிரிப்பு எழுந்தது. ஆதிமூலம் பெருந்தன்மையாகக் கையை ஆட்டி, "பேசட்டும், பேசட்டும்" என்றார். "நம்ம வீட்டு மாணவிதான்." அவர் மேடைக்காரர்களுக்கே உரிய சிரிப்போடு எழுந்து தன் நாற்காலியைக் காட்டினார். வேலுத்தாய் அதில் உட்கார்ந்தாள். மைக்கை எப்படிப் பிடிப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை. உலக்கையைப் பிடிப்பதுபோலப் பிடித்தாள்.

"நான் இதுவரைக்கும் மேடையில பேசினதில்ல," என்றாள். ஒலிபெருக்கியில் அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. "ஒரு வார்த்தை பேசினதில்ல. அதனால பேச்சோட பொருள் என்னனு சொல்ல இங்க இருக்கிறவுகள்ல எனக்குத்தான் தகுதி உண்டு. தள்ளி நின்னு பாக்கிறவுகளுக்குத்தான் பொருள் தெரியும்னு எங்க வீட்டுக்காரர் சொல்லியிருக்காக. நான் ரொம்பத் தள்ளி, அடுப்படியில நின்னு கேட்டேன். எனக்கு எரிஞ்ச எரிச்சல்ல உலையே வச்சிருக்கலாம். என் மக தண்ணிக் குடத்தைச் சுமந்துக்கிட்டு நிக்கிறா. அவளைப் படுக்கவைக்க ஒரு அறையை நான் சுத்தம் பண்ணி வச்சா, இவுகளுக்கு அதுல ஒரு பிறவி தெரியுது, ஒரு பாவம் தெரியுது. மக தெரியலை." அவள் மூச்சு வாங்கினாள். "சரி, பாடத்தைச் சொல்லிடுறேன். பேசாம விட்ட பேச்சு, கழுவி வச்ச செம்பு மாதிரி. யார் வேணாலும் அதுல தண்ணி குடிக்கலாம்."

அவள் சொல்லி முடித்ததும் சுவரில் எழுதியிருந்த பெயிண்ட் எழுத்துகள், கோலத்தை மழை கரைப்பதுபோல நிதானமாகக் கரைந்து, வெறும் சுண்ணாம்புச் சுவர் நின்றது. முன்வரிசையில் செல்போனில் பழைய பேச்சுகளைச் சேர்த்து வைத்திருந்தவர்கள் அதைப் போட்டுக் கேட்டபோது மின்விசிறிச் சத்தமும் யாரோ இருமுவதும் மட்டும் இருந்தன. துரைப்பாண்டி பதறிப்போய், "கழுவாத பாத்திரம்தான்..." என்று தொடங்கி, அதற்கு மேல் என்ன என்று பக்கத்து ஆளைப் பார்த்தார், பக்கத்து ஆள் அவரைப் பார்த்தான். பேசியதெல்லாம் பேசாததாகிவிட்டது. ஆதிமூலம் மைக்கை வாங்கினார், வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார். முதல் வெள்ளிக்கிழமையிலிருந்து அவர் பேசிய ஒவ்வொரு பேச்சும் இன்னும் பேசப்படாததாகத் திரும்பி வந்து அவர் முன் மலைபோல் குவிந்து கிடந்தது. அதில் எங்கே கைவைப்பது, எதை முதலில் எடுப்பது என்று அவருக்கு விளங்கவில்லை.

யாரோ ஒருவர், "அப்போ வீட்டுல இருக்கிற அழுக்கு?" என்று கேட்டார்.

அழுக்கு அப்படியேதான் இருந்தது. பேச்சு போனதால் அழுக்கு போய்விடாது. அழுக்கு எந்தக் காலத்திலும் தானாகப் போனதில்லை.

வேலுத்தாய் மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு இறங்கினாள். "நான் புளியங்கோட்டைக்குப் போறேன்," என்று கணவரிடம் சொன்னாள். "வளைகாப்பை இங்கயே வச்சுக்கலாம், காலையில கோமதியைக் கூட்டிக்கிட்டு வருவேன். சம்பந்தியும் வருவாக, வீட்டைப் பாப்பாக. வீடு இப்படியே கெடந்தா அவுக பிள்ளையைத் திருப்பிக் கூட்டிட்டுப் போயிருவாக. அப்படிப் போனா நானும் அவளோடயே போயிருவேன். அங்க அந்தக் குடத்தை நான் சுமக்கிறேன்."

"வேலு, நான் எப்படி... எனக்கு என்ன தெரியும்?"

அவள் பஸ் நிறுத்தத்தைப் பார்த்து நடந்தாள். பின்வரிசைப் பெண்கள் முன்வரிசைக்கு வந்து, காலியான நாற்காலிகளில் ஒவ்வொருத்தியாக உட்கார்ந்தார்கள். வீட்டுக்குக் கிளம்பலாமா என்று யாரும் யாரையும் கேட்கவில்லை. மாரித்தங்கம் காலை நீட்டி எதிர் நாற்காலியில் வைத்துக்கொண்டு, வாசலில் தயங்கி நின்ற தன் புருஷனைப் பார்த்து, "சட்டி உள்ளதான் இருக்கு, போங்க" என்றாள். ஆண்கள் ஒவ்வொருவராக, தெரியாத ஊருக்குப் போகிறவர்கள் மாதிரி, தங்கள் வீடுகளுக்குப் போனார்கள். துரைப்பாண்டி மட்டும் இதற்கு ஒரு கமிட்டி போடலாமா என்று கேட்டார். அவர் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அவரும் போய்விட்டார்.

மறுநாள் வெயில் ஏறுவதற்குள் வேலுத்தாயும் கோமதியும் செண்பகவடிவும் ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். கோமதியின் பாதங்கள் இரண்டும் ஊதிப் பளபளத்தன. அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு அடியாக வைத்தாள். வாசலில் செருப்புகள் இல்லை, கயிறு இல்லை. கூடம் பெருக்கியிருந்தது; மூலைகளைப் பெருக்க ஆதிமூலத்துக்குத் தெரியவில்லை, நடுவை மட்டும் பெருக்கியிருந்தார். பின்னறையின் தரை இன்னும் ஈரமாக இருந்தது. கொல்லைக் கொடியில் பிள்ளைத் துணிகள் கோணலும் மாணலுமாக, சரியாகப் பிழியாமல், தண்ணீர் சொட்டச் சொட்டத் தொங்கின. செண்பகவடிவு ஒரு துணியைத் தொட்டு விரல்களைத் தேய்த்துப் பார்த்தாள். வேலுத்தாய் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"அலசல் பத்தாது சம்பந்தி, சோப்பு நிக்குது," என்றாள் செண்பகவடிவு. "பிள்ளைத் தோலுக்கு அரிக்கும். உங்க வீட்டுக்காரரை இன்னொரு தடவை அலசச் சொல்லுங்க." சொல்லிவிட்டுக் கோமதியின் துணிப்பெட்டியைத் தானே தூக்கிக்கொண்டு போய்ப் பின்னறையில் வைத்தாள்.

அடுப்படியில் ஆதிமூலம் சட்டை இல்லாமல், முழங்கை வரை கரியும் நுரையுமாக, தொட்டிக்கு மேல் குனிந்து நின்றார். பின்னால் ஆள் வந்த அரவம் கேட்டுத் திரும்பினார். கண்கள் சிவந்திருந்தன; விரல்கள் ஊறிச் சுருங்கியிருந்தன. அவர் பெரிய சோற்றுப்பானையை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மற்றொரு கையை உயர்த்தி, மேடையில் தொடங்குவதற்கு முன்னால் எடுக்கும் அதே மூச்சை எடுத்தார். சுவருக்கு அந்தப் பக்கம் மாரித்தங்கம் பாத்திரச் சத்தத்தை நிறுத்தினாள். கோமதி அம்மாவின் தோளை இறுக்கினாள்.

"வேலு," என்றார் ஆதிமூலம். "அடி பிடிச்சது போகமாட்டேங்குது. தேய்க்கிற நார் எங்க இருக்கு?"

"தேடுங்க," என்று சொல்லிவிட்டு வேலுத்தாய் மகளைப் படுக்கவைக்கப் பின்னறைக்குப் போனாள்.